பழைய வீடு, பழைய மொரிஸ் மைனர், ஒரு கனடியக் குளிர்காலம்: எங்கே தொடங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் 1950களில் கட்டிய பங்களோ ஒன்றை இந்த வருடம் வாங்கியிருக்கிறீர்கள். அதோடு ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடமாகக் கிடந்த 1959 மொரிஸ் மைனர் கார் ஒன்றும் கராஜுக்கு வந்து சேர்ந்துவிட்டது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. வீட்டு வேலையா, கார் வேலையா, எதை முதலில் தொடுவது, சூடில்லாத கராஜில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் என்னுடைய மைனரை நான்கு குளிர்காலம் வைத்துத் திருத்தினேன், அதே காலத்தில் இதே மாதிரியான ஒரு வீட்டையும் திருத்தினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் குளிர்காலத்தின் முதற்பாதியை வீட்டுக்குக் கொடுங்கள். காரில் ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றுங்கள். இரண்டு வேலையிலும் கண்காணிக்கவேண்டியது ஈரத்தை. குளிரை உடுப்பாலும் ஹீற்றராலும் சமாளிக்கலாம், ஆனால் மரத்தை உக்க வைப்பதும் தகட்டைக் கறளாக்குவதும் தண்ணீர்தான், அந்தத் தண்ணீர் குளிர்காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடுதான் வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் குளிர்காலம் கராஜில் புறொப்பேன் ஹீற்றர் ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு சனிக்கிழமை முழுக்க பொனற்றையும் முன் மட்காட்டையும் பழைய பெயின்ற் போக உரஞ்சி வெறும் தகடாக்கினேன். வெள்ளி மாதிரி மின்னியது. ஹீற்றரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்து, மறுநாள் காலை வந்து பார்த்தால் முழுத் தகடும் செம்மஞ்சள். பக்கத்து வீட்டில் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு வயதானவர் இருந்தார், இளவயதில் மைனர் ஓட்டியவர், அவர்தான் காரணம் சொன்னார். புறொப்பேன் எரியும்போது தண்ணீர் உண்டாகும். ஒரு கிலோ புறொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 லீற்றர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். பாபிக்யூவுக்குப் பூட்டுகிற 9 கிலோ சிலிண்டர் ஒன்று முடிந்தால் கிட்டத்தட்ட 15 லீற்றர்! கராஜின் காற்று சீக்கிரம் சூடாகும், 800 கிலோவுக்குக் கிட்ட நிறையுள்ள கார் சூடாகாது. குளிர்ந்த தகட்டில் அந்த ஆவி முழுவதும் படிந்து வியர்க்கும். அதைவிட, பூட்டிய கராஜில் புறொப்பேன் எரித்தால் காபன் மொனொக்சைட் சேரும், அது ஆளையே கொல்லும். ஆகவே கராஜில் நெருப்பு எரிகிற ஹீற்றர் வேண்டாம். 240 வோல்ற் மின்சார ஹீற்றர் ஒன்றை உரிமம் உள்ள மின்சாரவேலைக்காரரைக் கொண்டு பூட்டுவியுங்கள், கராஜை எப்போதும் 5 பாகைக்கு மேல் வைத்திருந்தால் போதும். ஒரு நாள் 20, மறுநாள் −10 என்று ஏற்றி இறக்குவதைவிட எப்போதும் 5 இருப்பது காருக்கு நூறு மடங்கு நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஜனவரியில் −15இல் கிடந்து, திடீரென்று ஒரு நாள் மழையோடு +8க்கு ஏறும் பாருங்கள், அந்த நாள்தான் மிக மோசமான நாள். குளிர் விட்டுவிட்டதே என்று கராஜ் கதவைத் திறந்துவிடுவோம். வெளியே இருக்கும் ஈரக்காற்று உள்ளே வந்து, இன்னமும் −5இல் இருக்கிற எஞ்சின் மேலேயும் பிறேக் டிரம் மேலேயும் தண்ணீராகப் படியும். ஊரில் ஐஸ் தண்ணீர் விட்ட கிளாசுக்கு வெளியே நீர் கோர்க்குமே, அதுவேதான். அன்றைக்குக் கதவைத் திறக்காமல் வீட்டு வேலையைப் பாருங்கள்.

சரி, வீடு. அற்றிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள வெளியில், தொடங்குங்கள். இந்த வயது பங்களோக்களில் வீட்டின் சூடான, ஈரமான காற்று கூரைக்கு ஏறும் வழிகள் நிறைய: அற்றிக் மூடியைச் சுற்றி, லைற் பூட்டிய ஓட்டைகள், குளியலறை விசிறிக் குழாய், கழிவுநீர்க் குழாய் மேலே போகும் இடம். அந்தக் காற்று கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் பிடித்து, பங்குனியில் உருகிச் சீலிங்கில் கறையாக இறங்கும்போது எல்லோரும் கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரனைக் கூப்பிடுவார்கள். கூரை விளிம்பில் ஐஸ் அணைக்கட்டு மாதிரித் திரள்வதற்கும் காரணம் இதேதான். வீட்டுச் சூடு கூரையை அடியிலிருந்து சூடாக்க, மேலே இருக்கும் பனி உருகி, குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைகிறது, பின்னால் வரும் தண்ணீர் வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் ஏறுகிறது. விளிம்பில் சூடாக்கும் வயர் போடுவது வலிக்குக் குளிசை போடுவது மாதிரி, நோய் மாறாது. ஓட்டைகளை முதலில் அடைத்து, அதற்குப் பிறகு இன்சுலேஷன் கூட்டவேண்டும். ஓட்டை அடைக்காமல் மேலே பஞ்சு மட்டும் கொட்டினால் காற்று அதனூடாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். அற்றிக் மூடிக்கு நுரைப்பட்டி ஒட்ட அரை மணி நேரம், பத்துப் பதினைந்து டொலர், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. அற்றிக்கில் சாம்பல் அல்லது பொன்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கூழாங்கல் போன்ற, கையில் எடுத்தால் அடுக்கடுக்காகப் பிரிகிற பொருள் கொட்டியிருந்தால் அது வேர்மிக்குலைற். அந்தக் காலத்து வேர்மிக்குலைற்றில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். தொடாதீர்கள், மூடியை மூடிவிட்டு ஆய்வுக்குக் கொடுங்கள். அதேபோல் 1960க்கு முன் கட்டிய வீட்டின் பழைய பெயின்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்தபடி உரஞ்சித் தூளாக்காதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம்.

வீட்டுக்குள் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். வெளியே −20 என்றால் உள்ளே 30 வீதத்துக்கு மேல் போகவிடாதீர்கள். எங்கள் சமையலில் சோறும் குழம்பும் இடியப்பமும் என்று ஆவிக்குக் குறைவில்லை. சமைக்கும்போது வெளியே காற்றைத் தள்ளும் விசிறியைப் போடுங்கள், குளித்தபின் விசிறி இருபது நிமிடமாவது ஓடட்டும். யன்னல் அடியில் காலையில் தண்ணீர் நின்றால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

குளிர்காலத்தில் செய்யக்கூடாத வீட்டு வேலைகளும் உண்டு, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. மரம் குளிர்காலத்தில் காய்ந்து சுருங்கும், கோடையில் ஈரம் குடித்து உப்பும். ஆகவே இப்போது தரைப் பலகைகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியைப் பசை போட்டு நிரப்பாதீர்கள், ஆடியில் பலகை உப்ப இடமில்லாமல் மேலே கிளம்பும். கோடையில் இறுகிய கதவு இப்போது லேசாகத் திறக்கிறதே என்று மறந்துவிடவும் வேண்டாம், எந்த மூலை உரசியது என்று இப்போதே பென்சிலால் குறித்து வையுங்கள், சீவுவது ஜூனில். சுவரும் சீலிங்கும் சந்திக்கும் மூலையில் குளிர்காலத்தில் மட்டும் விரிந்து, கோடையில் மூடுகிற வெடிப்பு இருந்தால் அதைப் பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். மேலே கூரைச் சட்டத்தின் மரம் வளைவதால் வருவது அது, ஒவ்வொரு வருடமும் வரும். அங்கே மரச்சட்டம் ஒன்றை சீலிங்கோடு மட்டும் ஆணியடித்துவிட்டால் சுவரில் வழுக்கி ஏறி இறங்கும், வெடிப்பும் தெரியாது. உட்சுவர்ப் பெயின்ற், குளியலறைச் சிலிக்கன், குழாய் வாசர், ஃபேர்னஸ் ஃபில்ற்றர் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். வெளிக்குழாயை மட்டும் மறக்காதீர்கள்: உள்ளே இருக்கும் வால்வைப் பூட்டி, வெளிக்குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே நிற்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

இப்போது கார். மைனரை நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் ஒரு மைனர் இருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது ஒஸ்ரின், மொரிஸ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சத்தைக் கார்பரேற்றர் வாயில் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயைப் பிடிக்கவிடவேண்டும். அந்தப் போத்தலைப் பிடிக்கும் வேலை எனக்கு. புகை தெருவை மறைக்கும், ஆனால் ஓடும், ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும். ஏன் ஓடியது என்று இங்கே வந்து எஞ்சினைப் பிரித்தபோதுதான் புரிந்தது. அந்த ஏ-சீரிஸ் எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயும் புகை போகும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, புகையின் சூடு உள்ளே போகும் எரிபொருளைச் சூடாக்கும். சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை நெருக்கும் அமுக்கமும் குறைவு, ஏற்றுமதிக்கென்று 7.2க்கு 1 என்ற அளவிலும் எஞ்சின் செய்தார்கள், ஆகவே மட்டமான எரிபொருளையும் தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலைத் தண்ணீராக்கும். அதனால்தான் அப்பா அடிக்கடி ஒயில் கோலை இழுத்து விரலில் தேய்த்து மணந்து பார்த்தார்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த கார் இது, 1972 வரை செய்தார்கள், பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார். பொனற்றின் நடுவால் ஒரு தட்டையான பட்டி ஓடுகிறதே, அது அழகுக்கு வைத்ததில்லை. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று இஸிகோனிஸ் அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் 4 அங்குலம் கூட்டினார். அந்தத் தழும்புதான் அது. எல்லா மைனரிலும் இருக்கிறது, போய்த் தடவிப் பாருங்கள்.

உங்கள் காரை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. கழற்றுவது இரண்டு வாரம், பூட்டுவது இரண்டு வருடம். எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் மாதத்திலேயே கடைசி நட் வரை கழற்றி எண்பது பெட்டியில் போட்டார், ஒன்பது வருடம் கழித்துப் பெட்டிகளோடேயே விற்றார். கார் எப்போதும் நான்கு சில்லில் உருளக்கூடியதாக இருக்கட்டும். இந்தக் குளிர்காலம் பிறேக்கும் முன்சில்லுப் பகுதியும், அடுத்த குளிர்காலம் எஞ்சின், அதற்கடுத்தது தகடு என்று பிரியுங்கள். வரிசையும் இதுவே சரி. ஓடுவதற்கு முன் நிற்கத் தெரியவேண்டும்.

ஆனால் எதையும் தொடுமுன் இரண்டு விடயம். ஒன்று, றேடியேற்றரில் இருப்பது வெறும் தண்ணீரா என்று பாருங்கள். கொட்டகையில் கிடந்த காரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வடிக்கும்போது றேடியேற்றர் அடியில் இருக்கும் குழாயோடு எஞ்சின் புளொக்கின் பக்கத்தில் இருக்கும் குழாயையும் திறக்கவேண்டும். முதலாவதை மட்டும் திறந்தால் புளொக்குக்குள் தண்ணீர் நிற்கும், உறைந்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும், அதோடு எஞ்சின் போச்சு. புளொக் குழாய் சேறு பிடித்து அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். பிறகு பாதிக்குப் பாதி அன்ரிஃப்றீஸ் கலந்து விட்டால் −35 வரை பயமில்லை. பற்றரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டு வையுங்கள். சார்ஜ் இறங்கிய பற்றரி சுழியத்துக்குக் கீழே சில பாகைகளிலேயே உறைந்துவிடும், நிறைந்த பற்றரி எங்கள் குளிருக்கு உறையாது. திரும்பப் பூட்டும்போது கவனம், மைனரில் பொசிற்றிவ் பக்கம்தான் பொடியோடு (காரின் உடலோடு) சேர்கிறது, இப்போதைய கார்களுக்கு நேர்மாறு.

இரண்டாவது ட்றனியன். முன்சில்லைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் மேலும் கீழும் மரை வெட்டிய ஒரு துண்டு இருக்கும். சில்லு திரும்பும்போது அந்த மரையில்தான் திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து கார் மூக்கு றோட்டில் இருக்கும். மைனர்காரர் எல்லோரும் பயப்படுகிற ஒரே விடயம் இது. காரை உயர்த்தி, ஸ்ராண்டில் இருத்தி (ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்), சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், யாராவது ஒருவர் பின்னாலிருந்து ட்றனியனைப் பார்க்கட்டும். ஆட்டம் தெரிந்தால் மாற்றவேண்டும். நல்லதாக இருந்தால் பழைய காய்ந்த கிறீஸ் வெளியே தள்ளும்வரை புதுக் கிறீஸ் அடியுங்கள், குளிரில் கிறீஸ் இறுகியிருக்கும், கிறீஸ் துவக்கை முதல்நாளே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் லேசாகப் போகும்.

பிறேக் ஒரே சுற்று, ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். ஆகவே பழைய றப்பர் குழாய்கள், சில்லுச் சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். முன்பக்கம் சில்லுக்கு இரண்டு சிலிண்டர், பின்பக்கம் ஒன்று, மொத்தம் ஆறு. மிதியை அழுத்தும்போது எல்லாச் சில்லுக்கும் பிறேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்கும் போல்ற்றை வெளியே எடுக்க டோர்ஷன் பார் (முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிற முறுக்குக் கம்பி) வழிமறிக்கும், அதற்கு ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள், கோபத்தில் சுத்தியலைத் தூக்காதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது, பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

கறள் பிடித்த நட்டுக்கு ஒயில் தெளித்த உடனே ஸ்பனரைப் போடாதீர்கள். குளிரில் ஒயில் மெதுவாகத்தான் ஊறும், புதன்கிழமை தெளித்து, வெள்ளி திரும்பத் தெளித்து, சனிக்கிழமை கழற்றுங்கள். இந்தக் காருக்கு மில்லிமீற்றர் ஸ்பனர் சரிவராது, அங்குல அளவு வேண்டும்: 7/16, 1/2, 9/16 மூன்றும் பெரும்பாலான வேலைக்குப் போதும், அவை வட அமெரிக்காவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 13 மி.மீ ஸ்பனர் 1/2க்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது போலிருக்கும், அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையை மழுக்கும். கராஜ் சீமெந்துத் தரையில் நுரைத் தட்டுப் போட்டு மேலே பிளைவுட் பலகை போட்டுப் படுங்கள், குளிர் முதுகால்தான் ஏறும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஆகவே நல்ல லைற் நாலைந்து இல்லாமல் தொடங்கவேண்டாம்.

மிகவும் குளிரான நாட்களுக்குப் பேஸ்மென்ற் மேசை வேலை வைத்திருங்கள்: டைனமோ, ஸ்ராட்டர், டிஸ்றிபியூற்றர், கார்பரேற்றர். ஒரே நிபந்தனை, பெற்றோல் ஒரு துளியும் பேஸ்மென்றுக்குள் போகக்கூடாது. அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து ஃபேர்னஸ் நெருப்பையோ சுடுதண்ணீர் டாங்கி நெருப்பையோ தேடிப்போகும். கராஜில் முற்றாக வடித்து, ஆவி போகவிட்டு, பிறகு உள்ளே கொண்டுவந்து தண்ணீரில் கலக்கிற கிளீனரால் கழுவுங்கள். மைனரில் இருக்கும் எஸ்யூ வகைக் கார்பரேற்றரைத் திருத்தும் அந்த இரவுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அதன் பிஸ்ரனைத் தூக்கி விட்டால் தடையில்லாமல் விழுந்து அடியில் 'டக்' என்று ஒரு தெளிவான சத்தம் வரவேண்டும். வரவில்லை என்றால் பிஸ்ரனின் ஊசி, பெற்றோல் வரும் துளையான ஜெற்றில் உரசுகிறது, ஜெற்றைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து திரும்ப இறுக்கவேண்டும். நான் அதைப் பதினைந்து தடவை செய்திருப்பேன். அந்தச் சத்தம் வந்தபோது மனைவியை மாடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

தகட்டு வேலை இப்போதைக்கு வேண்டாம், பார்த்து எழுதி வைப்பது மட்டும். சில்ஸ் (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுச் சட்டம்), பின்ஸ்பிரிங் பூட்டும் இடம், முன் சட்டக்கால்கள், ஜாக் வைக்கும் குறுக்குச்சட்டம், இவற்றை ஒரு ஸ்குறூட்றைவரால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் சோக்கால் வட்டம் போடுங்கள். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பொடியேதான் முதுகெலும்பு. சில்ஸ் வெட்டும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு ஒருநாளும் பூட்டாது. பெயின்றும் மே மாதத்துக்குப் பிறகுதான். இரண்டு பாகம் கலந்து அடிக்கிற பிறைமர் 15 பாகைக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. கையால் உரஞ்சிய இடம் எவ்வளவோ அவ்வளவை அன்றைக்கே மூடமுடியாது என்றால் உரஞ்சவே வேண்டாம், பழைய பெயின்ற் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் தகட்டுக்கு அது ஒரு சட்டை. சாமானுக்குக் கவலைப்படாதீர்கள், பிரிட்டனில் பெரும்பாலானவை புதிதாகவே வருகின்றன, ஒரு காலத்தில் இலங்கையில் அடித்த மைனர் தகடுகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகின.

ஆகவே இந்தச் சனிக்கிழமை காலை றேடியேற்றரையும் புளொக்கையும் வடித்து, பற்றரியை உள்ளே எடுங்கள். பின்னேரம் அற்றிக் மூடியைத் திறந்து லைற் அடித்து என்ன இருக்கிறது என்று பாருங்கள், கையால் தொடவேண்டாம். ஞாயிறு முன்சில்லை உயர்த்தி ட்றனியனை ஆட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு ஆட்டம் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை வேறு ஒரு நட்டையும் கழற்றவேண்டாம்.